அந்த ‘யு’வை நான் போடவில்லை

என் ராசாவுக்கு,

பசுமலையிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலிகூட உன் கல்யாண வேலை என்றதும் இரண்டு நாளாக அடங்கிக் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை மேலே ஒட்டி அனுப்பியிருக்கும் பார்சலில் உன் அமெரிக்க நண்பர்களுக்கான கல்யாணப் பத்திரிகை ஐம்பது இருக்கிறது. அதைப் பிரிக்காதே. கையில் இருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதலில் இந்தக் கடிதத்தைப் படி. நான் சொன்னதை நீ முதல் தடவையிலேயே கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இந்த ஒரு தடவை கேள்.

விஷயம் இதுதான். பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில், மூன்றாவது வரியில், ‘ஹானர்’ என்று ஒரு சொல் வருகிறது. நீ அனுப்பிய வாசகத்தில் அமெரிக்க வழக்கப்படி அதை ‘யு’ இல்லாமல் எழுதியிருந்தாய். அச்சில் ‘யு’வோடு வந்திருக்கிறது. பார்த்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். “பாரு, அம்மா கை வச்சிருச்சு” என்று, நீ கட்டிக்கொள்ளப் போகிற பிரபாவிடம் காட்டுவாய். அவள் சிரிப்பாள், நீ சிரிக்கமாட்டாய். போன மாதம் போனில் நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. “ம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மண்டபம் ஒன் இஷ்டம், சேலை ஒன் இஷ்டம், சமையக்காரர் ஒன் இஷ்டம். அந்த இங்கிலீஷ்ல மட்டும் கை வைக்காத.” நானும் சரி என்றேன். இருபத்தெட்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளிடம் பெற்ற மகன் கேட்ட வரம் அது. அந்த ‘யு’வை நான் போடவில்லை. அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்று போனால், “எந்தலையில எதுக்கு? ஒன் டிக்சனரி மேல பண்ணு, அப்பத்தான் புள்ள நம்புவான்” என்கிறார். சரி, அகராதி மேல் சத்தியம். நான் போடவில்லை.

யார் போட்டது என்று சொல்வதற்கு முன்னால், நீ ஏன் என்னை நம்பமாட்டாய் என்பதை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். குற்றவாளியே வாக்குமூலம் கொடுத்தால் நீதிபதிக்கு வேலை மிச்சம்.

நீ எட்டாவது படிக்கும்போது அப்பா பழங்காநத்தத்தில் டயர் ரீட்ரேடிங் கடை போட்டார். பேரையூர்ப் பக்கம் பருத்தி போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து தனியாக வந்து, ஆறு வருஷம் இன்னொருவர் பட்டறையில் நின்று, பிறகு சொந்தமாகத் திறந்த கடை. போர்டு எழுதிய பெயிண்டர் ஏதோ வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து, டயர் என்பதற்கு ‘ஒய்’ போடவேண்டிய இடத்தில் ‘ஐ’ போட்டுவிட்டார். திறப்பு விழாவுக்கு வந்த நான், குத்துவிளக்கைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை, அந்த ‘ஐ’யைத்தான் பார்த்தேன். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெயிண்டரைத் திரும்ப ஏணியில் ஏற்றினேன். அப்பா கேசரித் தட்டோடு வந்து நின்று, “ஒய் போட்டாலும் பஞ்சர், ஐ போட்டாலும் பஞ்சர். காத்துக்கு இங்கிலீஷு தெரியாது, டீச்சர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ஏணியை விட்டு நகரவில்லை. அன்று அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் போர்டு இன்னும் இருக்கிறது. பழைய ‘ஐ’யின் மேல் ‘ஒய்’ எழுதியதால் அந்த ஒரு எழுத்து மட்டும் கொஞ்சம் தடியாகத் தெரியும்.

அடுத்தது நீ இன்றுவரை என்னை மன்னிக்காதது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாய். நாலாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். “ம்மா, நீ சொல்லிக்குடுத்த மாதிரி கலர்னு அடிச்சா மெஷின் எடுக்க மாட்டேங்குது. யு-வ எடுத்துட்டு அடிச்சாத்தான் ஓடுது.” நான் அப்படியே எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, உன்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பையன்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், சொல்லிக்கொடுக்கும் தம்பியிடம் போய், “உங்க மெஷின்ல எழுத்துப்பிழை இருக்கு, கம்பெனிக்கு எழுதிப் போடுங்க” என்றேன். அந்தத் தம்பி பாவம், எழுந்து நின்று, “மேடம், அது அமெரிக்கா மேடம்” என்றது. நம்பாமல் நானே உட்கார்ந்து, ஒரு விரலால், ‘யு’வோடு அடித்தேன். திரையில் ‘எர்ரர்’ என்று வந்தது. என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அந்த மெஷின்தான். திரும்பி வரும்போது நீ பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, அந்தக் கம்பெனியின் விலாசத்தை யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

இது வரைக்கும் சிரிக்கலாம். இனிச் சொல்லப்போவதைச் சிரிக்காமல் படி.

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இரண்டாயிரமாம் வருஷக் கோளாறு வரப்போகிறது என்று உலகமே பயந்தபோது, அந்தப் பயத்தின் புண்ணியத்தில் உனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. விமானம் ஏறும்போது நான் சொன்ன புத்திமதி, “கடிதத்தை இங்கிலீஷிலேயே எழுது, அப்போதுதான் பழக்கம் விட்டுப்போகாது” என்பது. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள் என்று சொல்லவேண்டிய இடத்தில் அதைச் சொன்னேன். நீ எழுதினாய். நாலு பக்கம், நீல மையில், நெருக்கி எழுதியிருந்தாய். வாங்கிப் பிரித்ததும் என் கை தானாக மேசை டிராயருக்குப் போனது. சிவப்புப் பேனா அங்கேதான் இருக்கும். ‘நெய்பர்’ என்ற சொல்லில் ‘யு’ இல்லை. பிரயாணம் செய்வதில் ஒரு ‘எல்’ குறைந்திருந்தது. தியேட்டரில் ‘ஆர்’ கடைசிக்குப் போயிருந்தது. மொத்தம் பதினொன்று. வட்டம் போட்டு, ஓரத்தில் சரியானதை எழுதி, என் பதிலோடு அந்தக் கடிதத்தையே திருப்பி உனக்கு அனுப்பிவைத்தேன். வகுப்பில் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிற வழக்கம் ஏது? அடுத்த கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவது ஒரு பக்கம். அதில் பிழை குறைவு, நீயும் குறைவு. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வந்தது. ‘சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, வெயில்’ என்று அதில் எழுத்துப்பிழை வராத பேச்சாகப் பேசினோம்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் கடிதம் வாசிக்க வராது. முதல் கடிதத்தை நான்தான் தமிழில் சொல்லிக் காட்டினேன். தீபாவளியன்று நீ தனியாக இருந்ததையும், பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனதையும் எழுதியிருந்தாய். அப்பா உடனே, “யாரு அந்தம்மா? வயசானவங்களா? நம்ம புள்ளைய உள்ள கூப்ட்டு உக்கார வச்சாங்களாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வரியில்தான் ‘நெய்பர்’ இருந்தது. நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன், அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. என் பிள்ளை தீபாவளிக்குத் தனியாக உட்கார்ந்திருந்ததை, ஒரு ‘யு’ குறைந்ததால், படிக்காமல் விட்டேன். ஒரு வருஷம் கழித்து, பொங்கல் சமயம் என்று நினைவு, அப்பா பீரோவைத் திறந்து எதையோ தேடினார். என்னவென்று கேட்டேன். “தம்பி எழுதுன கடுதாசி இருந்தா எடுத்துப் பாக்கலாம்னு” என்றார். அப்புறம் அவரே நினைவு வந்து பீரோவைச் சாத்தினார். “ஆமா, நீதான் திருப்பி அனுப்பிச்சிட்டியே.” கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமே இல்லாமல் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் உன் கையெழுத்து என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பது எனக்கு உறைத்தது. சமையலறையில் போய் நின்று அழுதேன். உனக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், அதுதான் இல்லை. ஹோம்லி கதைக்கு வருகிறேன். போன வருஷம், உன்னோடு வேலை பார்க்கும் பிரபாவைப் பற்றி நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். சௌராஷ்டிரக் குடும்பம், வீடு ஆனையூரில், லீவில் வருகிறாள், போய்ப் பார்த்து ஒரு வார்த்தை எழுதுங்கள் என்றாய். நானும் அப்பாவும் போனோம். அந்தப் பெண் ஓடிவந்து அப்பாவின் முழங்காலைப் பார்த்து, கீழே பாய் போட்டிருந்ததை எடுத்துவிட்டு நாற்காலி போட்டாள். வீட்டுக்குள் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லையே என்று பார்த்தபோது, அவளே வந்து, “காபியில சீனி போடவா, நாட்டுச்சர்க்கரை போடவான்னு சண்டை அத்தை, வேற ஒண்ணுமில்ல” என்று மொழிபெயர்த்தாள். அந்த ‘அத்தை’யிலேயே நான் விழுந்துவிட்டேன். கிளம்பும்போது தெருவில் ஒரு வேடிக்கை பார்த்தேன். அவளுடைய அப்பாவின் ஜவுளிக்கடை போர்டில் சௌராஷ்டிரா என்பதை ஆங்கிலத்தில் ‘எஸ், ஓ, யு’ என்று தொடங்கியிருந்தார்கள். எதிரே பெரியப்பா கடையில் ‘எஸ், ஏ, யு’. எனக்கு வாய் சும்மா இருக்குமா? இதில் எது சரி என்று கேட்டேன். பிரபா இரண்டு போர்டையும் பார்த்துவிட்டு, “ரெண்டுமே நாங்கதான் அத்தை” என்றாள். சண்டை போட்டுப் பிரிந்த கடைகளா என்றேன். “இல்லையே, மத்தியானச் சாப்பாடு ஒரே கேரியர்லதான் போகுது.” நான் அதை வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். யோசிக்க ஆரம்பித்தது பிறகு.

மறுநாள் பிரௌசிங் சென்டருக்குப் போய் என் வாழ்நாளின் முதல் மின்னஞ்சலை உனக்கு எழுதினேன். ஆங்கிலம் என்றால் சுருக்கமாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. பெண்ணைப் பார்த்தோம், மிகவும் ஹோம்லி, மற்றவை நேரில் என்று மூன்றே வாக்கியம் எழுதினேன். நம் ஊரில் கல்யாண விளம்பரத்தில் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. குடும்பப் பாங்கானவள், வீட்டுக்கு வெளிச்சம் என்று அர்த்தம். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து மெச்சிக்கொண்டேன். ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “நான் போய்ப் பேசிட்டு வாரேன்” என்று எஸ்.டி.டி பூத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அப்பா காதில் ரிசீவரை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து முழித்தார். பிறகு கதவைத் திறந்து, “இந்தா, நீ என்னத்த எழுதுன? அந்தப் புள்ள பாக்கச் சகிக்கலைன்னா எழுதுன?” என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து அகராதியை எடுத்தேன். முப்பது வருஷமாக என் மேசையில் இருக்கிற அகராதி. ஹோம்லி என்ற சொல்லுக்கு எளிமையான என்று முதல் அர்த்தம். வீட்டு இதம் உள்ள என்று இரண்டாவது. மூன்றாவதாக, பொடி எழுத்தில், அமெரிக்க வழக்கில் அழகற்ற என்று இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் மூன்றாவது அர்த்தம் வரைக்கும் இறங்கியதே இல்லை. நீயும் மதுரையில் வளர்ந்தவன்தான், நம் ஊர் ஹோம்லி உனக்குத் தெரியாததில்லை. ஆனால் எழுதியது நான். அம்மா ஒரு சொல்லை ஏனோதானோவென்று போடமாட்டாள், அகராதியில் இருப்பதைத்தான் போடுவாள் என்று நம்பினாய். சிவப்பு மையால் நான் சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயரே உன் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது. மூன்று வாரம் நீ எங்கள் மேல் கோபமாகவும், அவளிடம் சொல்லமுடியாமலும் தவித்திருக்கிறாய். கடைசியில் அவளிடம் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அடுத்த ஞாயிறு போன் அடித்தது. எடுத்தேன். “அத்தை, நான் ஹோம்லி பேசுறேன்” என்றது ஒரு குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பாகவும் இருந்தது. அப்பா இன்றுவரை அவளை “ஹோம்லி எப்ப வருது” என்றுதான் கேட்கிறார்.

இதற்குப் பிறகுதான் நீ அந்த வரத்தைக் கேட்டாய், நான் கொடுத்தேன். இனி பத்திரிகைக் கதை. நம் தங்கப்பாண்டியின் அச்சகத்தில்தான் கொடுத்தேன். என்னிடம் ஒன்பதாவது படித்தவன், உனக்கு ஐந்தாறு வருஷம் மூத்தவன், வீட்டுக்கு வந்தால் இன்னும் உட்காரமாட்டான். நீ அனுப்பிய வாசகத்தை ஓர் எழுத்து மாற்றாமல் அவனிடம் கொடுத்தேன். புரூஃப் வந்தது. மூன்றாவது வரியில் ‘யு’ இல்லாத ஹானர். பற்கள் நடுவே ஒரு பல் விழுந்த வாய் போல அது என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கை டிராயர் வரை போனது நிஜம். டிராயரைத் திறந்ததும் நிஜம். பிறகு அதை மூடிவிட்டு, சமையலறையில் மளிகைக் கணக்கு எழுதும் நீலப் பேனாவை எடுத்து, புரூஃபின் கீழே ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே” என்றார். அன்று முழுக்க எனக்கு அவ்வளவு பெருமை. பரீட்சையில் பாஸானவள் மாதிரி வீட்டில் நடமாடினேன்.

நாலாம் நாள் பண்டல் வந்தது. பிரித்தேன். ‘யு’ இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். தங்கப்பாண்டி என்னைப் பார்த்ததும் எழுந்து, பூரிப்போடு சொன்னான்: “டீச்சர், பாத்தீங்களா? நல்லவேளை, மிஷின்ல ஏத்துறதுக்கு முன்னால நான் கவனிச்சேன். நீங்க கல்யாண அவசரத்துல விட்டுட்டீங்க. நானே போட்டுட்டேன். டீச்சர் வீட்டுப் பத்திரிகையில ஸ்பெல்லிங் மிஸ்டேக் வந்தா ஊரு என்ன பேசும்?” நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தான். “கலர், ஹானர், லேபர், நெய்பர். எல்லாத்துலயும் யு. எரநூறு தடவ எழுத வச்சீங்கல்ல, டீச்சர்? இன்னும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.” அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்த நரைத்த தலையோடு என்னிடம் சபாஷ் வாங்க நிற்கிறான். அந்த அச்சு வேலை முழுக்கத் தம்பி கல்யாணத்துக்குத் தன்னுடைய சீர் என்றும் சொல்லிவிட்டான். அவனிடம் என்னவென்று சொல்வது? நீ செய்தது தப்பு, திரும்ப அடி என்றா? வினை விதைத்தவள் நான். “கெட்டிக்காரன்டா நீ” என்றேன். அவன் வாங்கிவந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஒன்பதாவது படிக்கும்போது அவனை நான் ஒருமுறைகூடக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. அதையும் இப்போதாவது சொல்ல வாய்த்ததே என்று திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

இதுதான் நடந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் ‘யு’வோடு போகட்டும். நம் சொந்தக்காரர்கள் எப்படியும் தமிழ்ப் பக்கத்தில் மண்டபம் எங்கே, பந்தி எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

கல்யாணப் புத்திமதி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மாவாக இருக்கமுடியாது. அதிகமில்லை. பிரபா கோபத்தில் ஒன்று சொன்னால், முதல் அர்த்தத்தோடு நின்றுவிடாதே. மூன்றாவது வரைக்கும் இறங்கிப் பார். அவள் எழுதினதில் பிழை இருந்தால், முதலில் அவள் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல், பிழை எங்கும் ஓடிப்போகாது. உங்கள் வீட்டில் மூன்று பாஷை புழங்கப்போகிறது. எது சரி என்று யாராவது கேட்டால், ரெண்டுமே நாங்கதான் என்று அவள் சொன்ன மாதிரி, மூணுமே நாங்கதான் என்று சொல். எனக்கு இத்தனை வயதில், அதுவும் அவள் வாயால், கிடைத்த பாடம் அது.

இன்னொன்று கேட்கவேண்டும். நான் திருத்தி அனுப்பிய அந்த மூன்று கடிதங்கள் உன்னிடம் இருந்தால், கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. கிழித்துப் போட்டிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை, அது நியாயம்தான். இருந்தால் கொண்டு வா. சிவப்பை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் ஒருமுறை நான் படிக்கவேண்டும். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாரா என்று அப்பாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பிறகு நீ இனிமேல் எழுது. எந்த நாட்டு எழுத்தில் வேண்டுமானாலும் எழுது.

உனக்கு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. எழுதி முடித்ததை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். தமிழில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். “ரெண்டு மூணு எடத்துல ஒற்று விட்டுருக்க. ஒரு ‘ற’ தப்பு” என்றார். திருத்தட்டுமா என்று பேனாவை எடுத்தேன். “இருக்கட்டும். புள்ளைக்குப் புரியும்” என்றார். இந்த ‘இருக்கட்டும்’ என்ற ஒரு வார்த்தையை நான் அந்த வருஷம் உன் முதல் கடிதத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா, ராசா?

சரி, இப்போது கத்தரிக்கோலை எடுத்துப் பார்சலைப் பிரி. உன் ஐம்பது பத்திரிகைகளிலும் மூன்றாவது வரியைப் பார். நேற்றும் இன்றும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அப்பாவின் சவரப் பிளேடால், ஐம்பது ‘யு’வையும் நானே சுரண்டி எடுத்திருக்கிறேன். சரியாக இருந்த எழுத்தை நான் அழித்தது இதுதான் முதல் தடவை. அங்கே ஒரு சின்ன இடைவெளி தெரியும். விரலால் தடவினால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். யாராவது இது என்ன என்று கேட்டால் அச்சுப்பிழை என்று சொல்லாதே. எங்க அம்மா என்று சொல்.

உன் அம்மா